ரகசியத்துக்குத்தான் காசாம், தோலுக்கு இல்லையாம்: மேஜிக் வாலட் வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

கோலாலம்பூரிலிருந்து இன்ஸ்டாகிராம் வழியாக மேஜிக் சாமான் விற்கும் ஒருவரிடம் 380 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) கொடுத்து ஒரு வாலட் வாங்கினேன். அசல் மாட்டுத்தோல், கைத்தையல், போக்கர் அளவுச் சீட்டுக்கென்றே செய்தது என்று விளம்பரம். வந்தது துணியின் மேல் பூசிய பிளாஸ்டிக். போக்கர் சீட்டு வளையாமல் அதற்குள் நுழையாது. பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, "மேஜிக் சாமான யாரும் ரிட்டர்ன் எடுக்க மாட்டாங்க, ரகசியம்தான் உங்க கைக்கு வந்துடுச்சே" என்று பதில். விஷயம் இப்போது பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் இருப்பதால் ஆள் பெயரை இங்கே போடவில்லை. போட்டாலும் பெரிய பயன் இருக்காது. இதே பாணியில் விற்பவர் அவர் ஒருவர் மட்டும் இல்லை.

மேஜிக் பக்கமே வராதவர்களுக்குக் கொஞ்சம் விளக்கம். பார்ப்பவர் ஒரு சீட்டை எடுத்து, அதன் முகத்தில் மார்க்கரால் கையெழுத்துப் போட்டுக் கட்டுக்குள் திருப்பி வைப்பார். பிறகு கட்டு முழுக்கத் தேடினாலும் அந்தச் சீட்டு கிடைக்காது. மேஜிஷியன் தன் பணப்பையை எடுத்து, ஜிப் போட்ட அறையைத் திறப்பார். உள்ளே அதே கையெழுத்தோடு அதே சீட்டு. மேசைக்கு மேசை போய்ச் செய்கிற மேஜிக்கில் இதைவிடக் கைதட்டல் வாங்கும் முடிவு குறைவு. இதற்கென்றே செய்த வாலட்டுகளில் பல வகை உண்டு. அமெரிக்கச் சீட்டு வித்தைக்காரர் பால் லெபால் பெயரில் ஒன்று. மேஜிக்கின் உலகப் போட்டியான ஃபிஸ்மில் 1950, 1955, 1961 என மூன்று முறை கிராண்ட் ப்ரீ வாங்கிய டச்சுக்காரர் ஃபிரெட் காப்ஸ் பெயரில் ஒன்று. அமெரிக்க மேஜிஷியன் டாம் முல்லிக்கா பெயரில் இன்னொன்று. சீட்டு எந்த வழியாக உள்ளே போகிறது என்பதை நான் சொல்லப்போவதில்லை. இந்தப் பதிவுக்கு அது தேவையும் இல்லை.

விளம்பரத்திலேயே சில விஷயங்கள் உறுத்தலாக இருந்தன. "ஹிம்பர்-லெபால் வாலட்" என்று இரண்டு பெயரையும் சேர்த்துப் போட்டிருந்தார். ரிச்சர்ட் ஹிம்பர் என்ற மேஜிஷியன் பெயரில் வருகிற வாலட் முற்றிலும் வேறு வேலைக்கானது. இரண்டையும் கையில் எடுத்தவர் யாரும் அப்படிச் சேர்த்து எழுத மாட்டார். வீடியோவில் முகம் தெரியாத இரண்டு கைகள் வாலட்டைத் திறக்கின்றன, உள்ளே அமெரிக்க டாலர் தாள்கள். கோலாலம்பூர் செந்தூலில் உட்கார்ந்து தானே தைப்பதாகச் சொல்கிறவர் வாலட்டில் நம்மூர் வெள்ளி ஏன் இல்லை என்று கேட்டேன். "அண்ணே, இன்டர்நேஷனல் கஸ்டமருக்கு எடுத்த வீடியோண்ணே" என்றார். அது ஒரு வெளிநாட்டுத் தயாரிப்பாளரின் டெமோ வீடியோ, மூலையில் இருந்த சின்னத்தைத் தெரியாதபடி வெட்டிப் போட்டிருக்கிறார் என்பது பிற்பாடு அந்தத் தயாரிப்பாளரின் முழு வீடியோவைப் பார்த்தபோது தெரிந்தது. அசலின் விலை நூறு அமெரிக்க டாலருக்கு மேல். 380 வெள்ளி என்பது நன்றாக யோசித்து வைத்த விலை. ரொம்ப மலிவாக வைத்தால் சந்தேகம் வரும், அசல் விலைக்கே வைத்தால் யாரும் அசலையே வாங்கிவிடுவார்கள்.

பார்சலைப் பிரித்ததும் பெட்ரோல் மாதிரி ஒரு வாடை. தோலுக்கு அந்த வாடை வராது. நாம் மேஜிக்குக்குப் பயன்படுத்தும் பைசிக்கிள் பிராண்டு கட்டு போன்ற போக்கர் சீட்டு 63.5 மில்லிமீட்டர் அகலம், 88.9 நீளம். பிரிட்ஜ் சீட்டின் நீளமும் அதேதான், அகலம் மட்டும் 57 சொச்சம். வந்த வாலட்டின் ஜிப் அறைக்குள் அடிஸ்கேலை வைத்துப் பார்த்தால் தையலுக்கும் தையலுக்கும் நடுவில் 61. பிரிட்ஜ் சீட்டுக்கு வெட்டிய அச்சில் போக்கர் என்று எழுதி விற்றிருக்கிறார்கள். அதில் போன சீட்டு இரண்டு ஓரமும் மேலே தூக்கிக்கொண்டு, காய்ந்த வாழைமட்டை மாதிரி வளைந்து வெளியே வரும்.

அன்றே வாட்சப்பில் கேட்டேன். வந்த பதில்தான் இந்த வியாபாரத்தின் சூட்சுமம்:

"அண்ணே, லெதர் புதுசுல டைட்டாத்தான் இருக்கும். ஒரு கட்டை உள்ள வச்சு ரெண்டு வாரம் மேல புத்தகத்த அடுக்கி வைங்க. தானா லூஸ் ஆயிடும்."

நல்ல தோல் பழகப் பழக இளகும் என்பது உண்மை. அதனால் கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அவருடைய விதிமுறையில் பொருளை மாற்றித் தர ஏழு நாள் கெடு. ஏழு நாள் கெடு வைத்தவர் இரண்டு வாரம் புத்தகத்துக்கு அடியில் வைக்கச் சொல்கிறார். பி.யு. எனப்படும் பாலியூரித்தேன் பூச்சு இளகாது. அடியில் இருக்கும் துணி எவ்வளவு இழுபடுமோ அவ்வளவுதான்.

கெடு முடிந்தபின் பட்டர்வொர்த்தில் ஒரு நிச்சயதார்த்த விருந்தில் அதைக் கொண்டுபோனேன். கிளாவர் எட்டில் ஒரு அத்தை கொட்டை எழுத்தில் தன் பெயரை எழுதினார். வித்தை நடக்க வேண்டியபடி நடந்தது. ஜிப்பைத் திறந்தால் பாதியிலேயே நின்றுவிட்டது. உள்துணியின் நூல் பல்லில் மாட்டிக்கொண்டது. இழுத்துத் திறந்து சீட்டை எடுத்தால், மார்க்கர் மை காய்வதற்குள் அந்தப் பிளாஸ்டிக் உறை மையில் பாதியை உறிஞ்சியிருக்கிறது. அத்தை சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "என் பேர்ல பாதிய எங்கப்பா போட்ட?" என்றார். மேசையே சிரித்தது. சிரிப்பு வந்தது நல்லதுதான், ஆனால் அது நான் கேட்ட சிரிப்பு இல்லை. அந்த உறையின் உள்ளே அவர் பெயரின் பின்பாதி தலைகீழாகப் பதிந்து இன்றும் இருக்கிறது.

பினாங்கு சௌராஸ்தா சந்தைப் பக்கம் பை, பெல்ட் பழுது பார்க்கும் ஒரு அண்ணனிடம் வாலட்டைக் கொடுத்தேன். மேலே தடவிக்கூடப் பார்க்கவில்லை. மடிப்பின் ஓரத்தை நகத்தால் சுரண்டினார். கறுப்புப் பூச்சு தாள் மாதிரி உரிந்து வந்தது, அடியில் வெள்ளை வலைத்துணி. "தம்பி, இது மாட்டைக் கண்ணால கூட பார்த்ததில்ல" என்றார். பிறகு பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். அசல் தோலை வெட்டினால் ஓரம் முழுக்க நார் நாராக, ஒரே பொருளாக இருக்கும். துணி தெரிந்தால் அது பி.யு., துகளாக உதிர்ந்தால் அது தோல் சீவலை அரைத்துப் பசையில் ஒட்டிய பாண்டட் லெதர். "ஜெனுவின் லெதர்" என்று முத்திரை குத்தியிருந்தாலும் மகிழ்ந்துவிட வேண்டாம், தோலின் அடிப்பகுதியைப் பிளந்து எடுத்து மேலே பூச்சுப் பூசியதற்கும் அதே முத்திரைதான். நம்ம ஊர் ஈரத்துக்கும் சூட்டுக்கும் பி.யு. பூச்சு மெல்லச் சிதையும், முதலில் பிசுபிசுக்கும், அப்புறம் உரியும். பினாங்கில் அலமாரியில் கிடந்த செருப்பும் கைப்பையும் உரிந்து போவதைப் பார்க்காத வீடு இருக்காது.

இதை எல்லாம் எழுதி, படம் எடுத்து அனுப்பிப் பணத்தைக் கேட்டேன். அதுவரை அண்ணே என்றவர் சார் என்று ஆரம்பித்தார்.

"சார், நீங்க வாங்குனது வாலட் இல்ல, சீக்ரெட். அதப் பார்த்துட்டீங்க. இப்ப ரிட்டர்ன் கேட்டா எப்படி?"

உள்பக்கப் படத்தைப் பொதுவில் போட்டால் வித்தையை வெளியிட்டவன் என்று மேஜிக் குழுக்களில் என் பெயரைப் போட்டுவிடுவதாகவும் சொன்னார்.

மேஜிக் உலகத்தில் இந்த வாதம் புதிது இல்லை. ஒரு புதிய யோசனையைக் கண்டுபிடித்தவர், வாங்கினவன் முறையைத் தெரிந்துகொண்டு மறுநாளே திருப்பி அனுப்பிவிடக் கூடாது என்று நினைப்பது நியாயம். வெளிநாட்டில் பெயர் பெற்ற கடைகளிலும் பிரித்த சாமானைத் திருப்பி எடுக்காத வழக்கம் உண்டு. ஆனால் இவர் விற்றது இவருடைய யோசனை இல்லை. ஃபிரெட் காப்ஸ் இறந்தே பல பத்தாண்டு ஆகிறது. லெபால் அவருக்கும் முன்பே போய்விட்டார். அந்த முறை நான் சீட்டைக் கையில் எடுப்பதற்கு முன்பிருந்தே எனக்குத் தெரிந்தவர்கள் எல்லாருக்கும் தெரியும். நான் 380 வெள்ளி கொடுத்தது தோலுக்கும் தையலுக்கும் இரண்டரை மில்லிமீட்டருக்கும். அவற்றில் எது ரகசியம்? ஆனாலும் இந்த மிரட்டல் பலிக்கிறது, ஏனென்றால் நம்மில் பலருக்கு வாயைத் திறந்தாலே வித்தையைக் காட்டிக் கொடுத்த மாதிரி கூச்சம். விற்பவர் உள்பக்கத்தைக் காட்டாமல் விற்கலாம், வாங்கினவன் உள்பக்கத்தைக் காட்டாமல் குறை சொல்ல வேண்டும். ஏமாற்றுகிறவனுக்கு இதைவிட வசதியான வியாபாரம் வேறு எங்கே கிடைக்கும்?

சட்டம் வேறு மாதிரிப் பேசுகிறது. மலேசியாவின் 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி பொருள் விவரித்தபடி இருக்க வேண்டும், ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும், விற்பவர் எந்த வேலைக்கு என்று சொல்லி விற்றாரோ அந்த வேலைக்கு உதவ வேண்டும். "ரிட்டர்ன் கிடையாது" என்று விற்பவர் எழுதி வைப்பதால் அந்த உரிமைகள் அழிந்துவிடாது. பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையைக் கொண்டுபோகலாம். கட்டணம் 5 வெள்ளி, வழக்கறிஞர் வேண்டாம். நடைமுறையில் இடிக்கிற இடம் ஒன்று உண்டு: எதிராளியின் பெயரும் முகவரியும் இல்லாமல் கோரிக்கையை யாருக்குக் கொடுப்பது? இணையத்தில் விற்பவர் தன் பெயர், பதிவு எண், முகவரி, தொலைபேசி எல்லாவற்றையும் காட்டியாக வேண்டும் என்று விதி இருக்கிறது, இவர் பக்கத்தில் ஒன்றும் கிடையாது. எனக்கு உதவியது பார்சல் உறையில் ஒட்டியிருந்த அனுப்புநர் சீட்டும், டியூட்நௌ எனும் வங்கிப் பணமாற்றுச் சேவையின் ரசீதில் வந்த கணக்குப் பெயரும்தான். உறையைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். விளம்பரத்தையும் பேச்சையும் உடனே ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். நான் புகார் எழுதிய அன்றே அவர் பக்கத்தில் "அசல் மாட்டுத்தோல்" என்பது "பிரீமியம் லெதர் ஃபீல்" ஆகிவிட்டது.

இன்னும் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் முதலில் உங்கள் சட்டையைப் பாருங்கள். லெபால், காப்ஸ் வகைகளில் பெரும்பாலானவை கோட்டின் உள்பாக்கெட்டுக்காகச் செய்தவை. பினாங்கு வெயிலில் கோட் போட்டு மேசைக்கு மேசை நடப்பவர் எத்தனை பேர்? நமக்கு பாத்திக் சட்டை, கல்யாணத்தில் ஜிப்பா வேட்டி. பேன்ட் பின்பாக்கெட் வகைதான் பெரும்பாலும் ஒத்துவரும், வேட்டிக்கு அதுவும் கஷ்டம். அடுத்து, நம் பணம் அதில் நிற்கிறதா என்று கேளுங்கள். அமெரிக்க டாலர் எல்லாமே 66 மில்லிமீட்டர் உயரம். நம் 50, 100 வெள்ளித் தாள்கள் 69. டாலருக்கு அளவாகத் தைத்த பையில் அவை மேலே எட்டிப் பார்க்கும், மடித்தால் புடைக்கும். பணமும் மைகார்டும் (நம் அடையாள அட்டை) இல்லாத பணப்பையைப் பார்த்தாலே முன்னால் இருப்பவருக்குச் சந்தேகம் வந்துவிடும். தினமும் நீங்களே பாக்கெட்டில் வைத்துக்கொள்ளாத வாலட்டை மேசை முன் எடுக்காதீர்கள் என்பேன். இது என் சொந்த அபிப்பிராயம், கோட் போடுகிற நண்பர்கள் சண்டைக்கு வருவார்கள்.

விற்பவரிடம் ரகசியத்தைத் தொடாமலே கேட்கக்கூடிய கேள்விகள் தாராளமாக இருக்கின்றன. போக்கர் சீட்டைப் பக்கத்தில் வைத்து, அடிஸ்கேலோடு ஒரு படம். வெட்டிய ஓரத்தின் படம். ஜிப்பைத் திறந்து மூடும்போது வருகிற சத்தத்தோடு அவர் கையாலேயே எடுத்த வீடியோ, அன்றைய நாளிதழ் பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது. யார் தயாரிப்பு, அவருடைய அனுமதி உண்டா. உண்மையான தயாரிப்பாளர்கள் இவற்றுக்குச் சலிக்காமல் பதில் சொல்கிறார்கள். நான் பின்னால் ஒருவரிடம் கேட்டேன், உள் அகலத்தை மில்லிமீட்டரில் எழுதி அனுப்பினார். வெளிநாட்டில் வாங்கினால் 500 வெள்ளிக்கு மேற்படாத இணையப் பொருளுக்கு 2024 ஜனவரி 1 முதல் 10 விழுக்காடு விற்பனை வரி இருக்கிறது, அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். சேர்த்தாலும் இரண்டு முறை வாங்குவதைவிட மலிவு.

என் கோரிக்கைக்கு எதிராளி 14 நாளில் பதில் மனு போட வேண்டும், அதன்பின் விசாரணைத் தேதி வரும். தீர்ப்பாயத்தில் எல்லார் முன்னாலும் வாலட்டைப் பிரித்துக் காட்ட நான் தயங்குவேன் என்று அவர் யாரிடமோ சொன்னதாகக் கேள்விப்பட்டேன். நான் கொண்டுபோவது அவர் விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், ஒரு போக்கர் சீட்டு, அடிஸ்கேல், உரிந்து தொங்கும் ஓரம். உள்வழியைக் காட்ட வேண்டிய அவசியமே வராது.