ஆர்கிட் கணக்கு: ஆசிரியர் பட்டியலின் நடுவில் இருப்பவளின் மதிப்புரை

ஆர்கிட் (ORCID) என்பது ஆய்வுக் கட்டுரை எழுதுகிற ஒவ்வொருவருக்கும் தனி அடையாள எண் தரும் இணையச் சேவை. அதில் கணக்கு வைத்திருப்பவர்களில் பலர் அதைத் திறந்து பார்ப்பதே இல்லை. ஆய்விதழ் கேட்டது, கொடுத்தோம், அவ்வளவுதான். கட்டுரையை அனுப்பும்போது அந்த எண்ணைக் கொடுக்காவிட்டால் அடுத்த பக்கத்துக்கே விடாத ஆய்விதழ்கள் இருக்கின்றன. கடைசி நேர அவசரத்தில் ஒரு கணக்கைத் தொடங்கி, எண்ணை ஒட்டிவிட்டு, கடவுச்சொல்லை அன்றே மறந்துவிடுகிறார்கள். எனக்கு அது கட்டுப்படியாகாது.

நான் மருத்துவ ஆய்வுகளுக்குப் புள்ளியியல் வேலை செய்பவள். எத்தனை நோயாளிகளைச் சேர்த்தால் போதும் என்று கணக்கிடுவது, வந்த தரவைப் பகுப்பாய்வு செய்வது, அட்டவணை போடுவது, அப்புறம் மதிப்பீட்டாளர்கள் கேட்கும் குடைச்சல் கேள்விகளுக்குப் பதில் எழுதுவது என்று போகும். எங்கள் துறை வழக்கப்படி கட்டுரையின் ஆசிரியர் பட்டியலில் முதல் இடம், வேலையை இழுத்துப்போட்டுச் செய்த இளையவருக்கு. கடைசி இடம் குழுத் தலைவருக்கு. நான் எப்போதும் நடுவில். போதாக்குறைக்கு என் பெயர் அரிதான பெயரும் இல்லை. அதே பெயர், அதே முதலெழுத்து, ஆனால் மண் அறிவியலிலும் கணினியிலும் எழுதுகிற வேறு ஆட்கள் இருக்கிறார்கள். ஒரு பெரிய தரவுத்தளம் தானாகவே உருவாக்கி வைத்திருந்த என் பக்கத்தில், நான் பார்த்தேயிராத ஒரு பயிர் நோய்க் கட்டுரை நெடுநாள் உட்கார்ந்திருந்தது. அதை நீக்கச் சொல்லி எழுதிய மின்னஞ்சல்களை வைத்தே தனிக் கட்டுரை போடலாம்.

ஆகவே இந்த மாதிரிச் சேவை எதுவானாலும் எனக்கு இரண்டு கேள்விதான். இந்தக் கட்டுரை என்னுடையது என்று சரியாகச் சொல்கிறதா? அதில் நான் என்ன செய்தேன் என்று சொல்கிறதா? முதல் கேள்வியில் ஆர்கிட் நல்ல மதிப்பெண் வாங்குகிறது. இரண்டாவதில் தட்டுத்தடுமாறித்தான் தேறுகிறது.

சேவை 2012 அக்டோபரில் தொடங்கியது. நடத்துவது லாப நோக்கமற்ற அமைப்பு. தனிநபருக்குக் கட்டணம் கிடையாது. பல்கலைக்கழகங்களும் பதிப்பகங்களும் நிதி தரும் அமைப்புகளும் கட்டும் உறுப்பினர் சந்தாவில் ஓடுகிறது. கையில் கிடைப்பது நான்கு நான்காகப் பிரித்த பதினாறு இடங்கள் கொண்ட ஓர் எண். எனக்குப் பிடித்ததே அந்த எண் எதையும் சொல்லாமல் இருப்பதுதான். நாடு, துறை, சேர்ந்த ஆண்டு எதுவும் அதில் ஒளிந்திருக்கவில்லை. வேலை மாறினாலும், திருமணத்துக்குப் பிறகு பெயர் மாறினாலும், ஒரு ஆய்விதழ் முதலெழுத்தை முன்னால் போட்டு இன்னொன்று பின்னால் போட்டாலும் எண் அதேதான். சிலருக்குக் கடைசி இடத்தில் எக்ஸ் வரும். எண் தப்பு என்று பயப்பட வேண்டாம். அந்த இடம் முந்தைய பதினைந்து இலக்கங்களிலிருந்து கணக்கிட்டு வரும் சரிபார்ப்பு இலக்கம். விடை பத்து என்று வந்தால் ஒரே இடத்தில் பத்தை எழுத முடியாதே, அதனால் எக்ஸ். தட்டச்சில் ஓர் இலக்கம் பிசகினாலும் கணக்கு உதைக்கும். இதையெல்லாம் ரசிக்கிற ஆள் நான், மன்னிக்கவும்.

பக்கத்தைத் திறந்தால் வேலை செய்த இடங்கள், படிப்பு, நிதி, கட்டுரைகள், மற்றவர் கட்டுரைகளை மதிப்பிட்ட கணக்கு என்று பகுதிகள் இருக்கும். அலங்காரம் ஒன்றும் இல்லை, கொஞ்சம் அலுவலகப் படிவத்தின் சாயல். ஆனால் ஒவ்வொரு பதிவின் கீழும் சின்னதாக ஒரு வரி வரும்: இந்தத் தகவல் எங்கிருந்து வந்தது என்று. நானே சேர்த்திருந்தால் என் பெயர் இருக்கும். கட்டுரை வெளியானபோது பதிப்பகம் டிஓஐயோடு (கட்டுரைக்கான நிரந்தர அடையாள எண்) என் எண்ணையும் பதிவு செய்து, அது தானாக வந்து சேர்ந்திருந்தால், அந்தப் பதிவுகளை வைத்திருக்கும் அமைப்பான கிராஸ்ரெஃபின் பெயர் இருக்கும். முழுச் சேவையிலும் மதிப்புள்ள வரி இதுதான் என்பேன். தன் விவரக் குறிப்பில் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம்; இங்கே மட்டும் சொன்னவர் யார் என்பது பக்கத்திலேயே தெரிகிறது. வேலைக்கு ஆள் எடுக்கும் குழுவில் உட்காரும்போது நான் முதலில் பார்ப்பது கட்டுரைகளின் எண்ணிக்கையை அல்ல, இந்த வரியை.

ஒவ்வொரு பதிவையும் எல்லோரும் பார்க்கலாம், நம்பிக்கையானவர்கள் மட்டும், நான் மட்டும் என்று மூன்று நிலைகளில் வைத்துக்கொள்ளலாம். உங்கள் சார்பில் திருத்த இன்னொருவருக்கு அனுமதி கொடுக்கவும் வழி இருக்கிறது. தெரியாமல் இரண்டு எண் வாங்கியிருந்தால் ஒன்றோடு ஒன்றைச் சேர்த்துவிடலாம். பழைய எண்ணைத் தட்டினாலும் புதிய பக்கத்துக்கே போகும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். கணக்குத் திறப்பவரின் அடையாளத்தை ஆர்கிட் சோதிப்பதில்லை. ஒரு மின்னஞ்சல் இருந்தால் போதும். எண் சொல்வதெல்லாம் இந்தக் கட்டுரைகளை உரிமை கோருபவர் ஒரே ஆள் என்பதைத்தான், அந்த ஆள் அங்கே இருக்கத் தகுதியானவரா என்பதை அல்ல. 1975இல் பிசிகல் ரிவ்யூ லெட்டர்ஸ் இதழில் வந்த ஓர் இயற்பியல் கட்டுரையின் இரண்டாவது ஆசிரியர் எஃப்.டி.சி. வில்லர்ட் ஒரு சயாமியப் பூனை. ஜாக் ஹெதரிங்டன் என்ற இயற்பியலாளர் தனியாக எழுதிய கட்டுரை முழுக்க ‘நாங்கள்’ என்று தட்டச்சு செய்துவிட்டார். ஒற்றை ஆசிரியர் அப்படி எழுதினால் இதழ் ஏற்காது என்று நண்பர் சொல்ல, தட்டச்சுப் பொறியில் முழுவதையும் மறுபடி அடிப்பதை விடப் பூனையைச் சேர்ப்பது சுலபமாக இருந்தது. அந்தப் பூனை யாரையும் ஏமாற்றிப் பதவி வாங்கவில்லை. மரியாதைக்காகச் சேர்க்கப்படும் துறைத் தலைவர்களைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. அவர்களுக்கும் ஆர்கிட் எண் உண்டு, பக்கமும் சுத்தமாகவே இருக்கும்.

இனி கூகுள் ஸ்காலர், அதாவது ஆய்வுக் கட்டுரைகளைத் தேடவும், யாரை எத்தனை பேர் மேற்கோள் காட்டினார்கள் என்று பார்க்கவும் கூகுள் நடத்தும் சேவை. ஒப்பிடாமல் முடியாது, ஏனென்றால் நிஜத்தில் எல்லோரும் பார்ப்பது அதைத்தான். ஒருவரின் பக்கத்தில் வலது மேல் மூலையில் மூன்று வரி: மொத்த மேற்கோள், எச்-இண்டெக்ஸ் (இதற்குப் பிறகு வருகிறேன்), ஐ10-இண்டெக்ஸ் (பத்து முறையாவது மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகளின் எண்ணிக்கை). பார்த்த மாத்திரத்தில் ஆளை எடை போட்டுவிடலாம். ஆர்கிட் பக்கத்தில் இப்படி ஓர் எண்ணும் கிடையாது, அது வேண்டுமென்றே எடுத்த முடிவு. எனக்கு அது நிறை. பதவி உயர்வுப் படிவம் நிரப்புகிற என் சக ஊழியர்களுக்கு அது குறை.

எச்-இண்டெக்ஸை 2005இல் ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் முன்வைத்தார். உங்கள் கட்டுரைகளில் இருபது கட்டுரைகள் தலா இருபது முறையாவது மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் உங்கள் எண் இருபது. எளிமையானது, அதனாலேயே பரவியது. இருபதில் எத்தனை நீங்கள் எழுதியவை, எத்தனை சும்மா கையெழுத்துப் போட்டவை என்று அது கேட்பதில்லை. 2015இல் ஹிக்ஸ் துகளின் நிறை பற்றி செர்ன் ஆய்வுக்கூடத்தின் அட்லஸ், சிஎம்எஸ் என்ற இரண்டு பெரிய ஆய்வுக் குழுக்கள் சேர்ந்து வெளியிட்ட கட்டுரைக்கு 5,154 ஆசிரியர்கள். 33 பக்கத்தில் 24 பக்கம் ஆசிரியர்களும் அவர்களுடைய நிறுவனங்களும். அதற்கு வரும் ஒவ்வொரு மேற்கோளும் 5,154 பேர் கணக்கிலும் முழுசாக ஏறும். பங்கு பிரித்துக் கணக்கிடும் முறைகள் இல்லாமல் இல்லை, ஆனால் அந்த வலது மூலையில் அவற்றுக்கு இடமில்லை.

ஏமாற்றுவதும் கடினமில்லை. 2010இல் சிரில் லாபே என்ற பிரெஞ்சு ஆய்வாளர், ஐக் அன்ட்கேர் என்று இல்லாத ஓர் ஆசிரியரை உருவாக்கி, கணினி எழுதிய உளறல் கட்டுரைகளை ஒன்றையொன்று மேற்கோள் காட்டவைத்து, ஸ்காலர் தரவில் எச்-இண்டெக்ஸை 94 வரை ஏற்றிக் காட்டினார். நிஜ விஞ்ஞானிகளில் பெரும்பாலோர் வாழ்நாளில் அந்த எண்ணைத் தொட மாட்டார்கள்.

2019இல் ஹிர்ஷே ஒரு திருத்தம் கொண்டுவந்தார், எச்-ஆல்ஃபா என்று. கூட்டுக் கட்டுரையில் தலைமை யாருடையது என்று பார்க்க வேண்டுமாம். எப்படிக் கண்டுபிடிப்பது? ஆசிரியர்களில் யாருக்கு ஏற்கெனவே எச்-இண்டெக்ஸ் அதிகமோ அவர்தான் தலைவர். படித்துவிட்டுச் சிரித்தேன். நடுவில் இருப்பவளுக்கு இதில் விழுவது வழக்கம்போல ஒன்றுமில்லை.

எங்கள் ஆட்களுக்கு உண்மையில் உதவக்கூடியது, கட்டுரையில் யார் என்ன செய்தார்கள் என்று குறிக்கும் கிரெடிட் (CRediT) என்ற பங்களிப்பு வகைப்பாடு. பதினான்கு வேலைகளின் பட்டியல்: கருத்துருவாக்கம், முறையியல், மென்பொருள், தரவுப் பராமரிப்பு, நிதி திரட்டல், மேற்பார்வை, முதல் வரைவு என்று போகும். 2022இல் அமெரிக்கத் தேசியத் தரமாகவும் ஆகிவிட்டது. அதில் முறையான பகுப்பாய்வு என்று ஒரு வரி இருக்கிறது, விளக்கத்தில் புள்ளியியல் என்றே போட்டிருக்கிறது. முதன்முறை அந்த வரியைப் பார்த்தபோது என் வேலைக்கு ஒரு பெயர்ப்பலகை கிடைத்த மாதிரி இருந்தது.

ஆனால் படிவம் நிரப்பும் நேரத்தில் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும். கருத்துருவாக்கத்துக்கு நேரே நாலைந்து பெயர். ‘பார்வையிட்டுத் திருத்துதல்’ வரியில் எல்லோரும், கட்டுரையைத் திறந்தே பார்க்காதவர் உட்பட. பகுப்பாய்வு வரியில் நான், கூடவே தரவை எக்செல்லில் அனுப்பிய ஒருவரும். முதன்மை, சமம், துணை என்று அளவு குறிக்க வகைப்பாட்டில் இடம் இருக்கிறது, ஆனால் கட்டாயமில்லை, பெரும்பாலும் யாரும் குறிப்பதுமில்லை. ஒரு மதியத்தில் முடிந்த எளிய சோதனைக்கும், ஆய்வின் வடிவமைப்பையே மாற்றவைத்த மாதக்கணக்கான வேலைக்கும் ஒரே டிக்.

ஆர்கிட் இங்கேதான் சறுக்குகிறது. கட்டுரையைக் கையால் சேர்த்தால் என் பங்கை கிரெடிட் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கலாம், ஆனால் அப்போது மூலம் என்ற வரியில் என் பெயர்தான் இருக்கும். தானாக வந்து சேரும் பதிவுகளில், நான் பார்த்த அளவில், பங்கு பற்றிய தகவல் பெரும்பாலும் வருவதில்லை. அது கட்டுரையின் கடைசிப் பக்கத்தில் முதலெழுத்துகளோடு ஒரு பத்தியாக, எந்த இயந்திரமும் எடுத்துக்கொள்ள முடியாதபடி கிடக்கும். ஆக, நான் யார் என்பதற்கு மூன்றாம் நபர் சாட்சி உண்டு. என்ன செய்தேன் என்பதற்கு என் வாய்மொழி மட்டும்தான். முழுப் பழியும் ஆர்கிட்டுக்கு அல்ல, தகவலை அனுப்ப வேண்டியவர்கள் பதிப்பகங்கள். இருந்தாலும் பக்கத்தைப் பார்க்கிறவருக்குத் தெரிவது அந்த வெற்றிடம்தான்.

மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு மூன்றரை. பெயர் பொதுவானதா, பெயர் மாறியிருக்கிறதா, அடிக்கடி இடம் மாறுகிறீர்களா, யோசிக்காமல் வாங்குங்கள். ஸ்காலர் பக்கமும் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் கட்டுரைகளைத் தானாகச் சேர்க்கும் வசதியை அணைத்துவிட்டு, சேர்ப்பதற்கு முன் உங்களிடம் கேட்கும்படி மாற்றிவிடுங்கள். ஆர்கிட் திறக்கும்போது அலுவலக மின்னஞ்சலோடு சொந்த மின்னஞ்சல் ஒன்றையும் சேர்த்துவிடுங்கள். வேலையை விட்ட மறுநாள் அலுவலக முகவரி செத்துப்போகும்; கடவுச்சொல்லும் மறந்திருந்தால் அப்புறம் உதவி மையத்துக்கு எழுதிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.