பாரெட் உணவுக்குழாய்: புற்றுநோயாக மாறுமா என்று எதை வைத்துக் கணிப்பது?

புதுக்குடியிருப்பு மாமா, கமரா விட்டுப் பார்த்த அறிக்கையை என் கையில் தந்து, "மருமோன், இது கான்சரா இல்லையா, அதை மட்டும் சொல்லு" என்றார். பாரெட் உணவுக்குழாய் என்று எழுதியிருந்தது. வருடக்கணக்காக அமிலம் மேலே வந்து பட்டதில், உணவுக்குழாயின் அடிப்பகுதி உட்படை குடலின் படைபோல மாறியிருக்கிறது. கான்சர் இல்லை, ஆனால் சிலருக்கு அப்படி ஆகலாம். யாருக்கு ஆகும் என்பதுதான் கேள்வி.

வழக்கமான வழி பயொப்சி. மாறிய பகுதியில் 2 சென்ரிமீற்றருக்கு ஒரு தடவை நாலு பக்கமும் துணுக்கு எடுத்து, நுணுக்குக்காட்டியில் கலங்களைப் பார்ப்பார்கள். கலங்களில் திரிபு, அதாவது புற்றுநோயை நோக்கிய மாற்றம், இல்லையென்றால் வருடத்துக்கு 1000 பேரில் 3 பேருக்கோ அதற்கும் குறைவாகவோதான் புற்றுநோய் வரும். கடும் திரிபு என்றால் 100 பேரில் 6, 7 பேர். இலேசான திரிபில்தான் சிக்கல். நெதர்லாந்தில் 2010இல் வந்த ஆய்வில், அப்படிச் சொல்லப்பட்ட 147 பேரின் துணுக்குகளை அனுபவமுள்ள நோயியல் வைத்தியர்கள் திரும்பப் பார்த்தார்கள். 85 வீதமானோருக்கு அந்த முடிவு நிலைக்கவில்லை. நிலைத்தவர்களுக்கோ ஆபத்து மிக அதிகம். அதனால் இரண்டாவது ஆள் பார்க்காத அறிக்கையை நம்பி நிம்மதியும் வேண்டாம், பயமும் வேண்டாம்.

அடுத்தது புள்ளிக் கணக்கு, 2018இல் வந்தது. ஆண் என்றால் 9, புகைத்தவர் என்றால் 5, மாறிய பகுதியின் ஒவ்வொரு சென்ரிமீற்றருக்கும் 1, உறுதிசெய்யப்பட்ட இலேசான திரிபுக்கு 11. மொத்தம் 10 வரை என்றால் ஆபத்து குறைவு, 20ஐத் தாண்டினால் அதிகம். மாமாவுக்குச் சுருட்டுப் பழக்கம் இருந்தது. 14 ஏற்கெனவே வந்துவிட்டது. காசு செலவில்லை, பேனை போதும். வன்னிக்கு எனக்குப் பிடித்தது இதுதான்.

ஒன்றைச் சொல்ல வேண்டும்: வெத்திலையும் அதோடு மெல்லும் புகையிலையும் இந்தக் கணக்கில் இல்லை. அவற்றால் வருவது உணவுக்குழாயின் வேறு வகைப் புற்றுநோய். புள்ளி குறைவு என்று வாயில் போட்டுக்கொண்டிருக்கக் கூடாது.

பி53 என்ற புரதத்தைக் காட்டும் சாயம் ஏற்றுவது பயொப்சிக்கு நல்ல துணை. எடுத்து வைத்த துணுக்கிலேயே செய்யலாம், திரும்பக் கமரா விடத் தேவையில்லை. இலேசான திரிபா என்று தடுமாறும் இடத்தில் கேட்டுப் பார்க்க வேண்டியது இது.

நூலில் கட்டிய மாத்திரையை விழுங்கி, உள்ளே விரியும் பஞ்சை மேலே இழுத்துக் கலங்களை எடுக்கும் முறை பிரித்தானியாவில் இருக்கிறது. மயக்கம் வேண்டாம் என்பதால் பரந்தன் தாண்டி யாழ்ப்பாணத்துக்கு பஸ் ஏறும் வயதானவர்களுக்கு உதவும். ஆனால் எடுத்ததைச் சாயமேற்றிப் பார்க்கும் ஆய்வுகூடமும் வேண்டுமே. துணுக்கின் புரதங்களைக் கணினியால் அளக்கும் அமெரிக்கச் சோதனை இன்னும் தூரம்.

மாமாவின் அறிக்கையில் நீளமே எழுதப்படவில்லை. கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன்: எத்தனை சென்ரிமீற்றர்? திரிபு உண்டா? இரண்டாவது ஆளும் பார்த்தாரா?