புரொஜெக்டர் திரை: பெயிண்ட் அடித்த சுவரா, கடைத் திரையா?

100 இன்ச் படத்துக்குக் குறைந்த செலவில் திரை தேடுகிறவர்கள் கடைசியில் நான்கு வழிகளில் வந்து நிற்பார்கள். சுவரிலேயே பெயிண்ட் அடிப்பது, பலகையில் அடித்து மாட்டுவது, மேலிருந்து இழுத்துவிடும் துணித் திரை வாங்குவது, நான்கு பக்கமும் இழுத்துக் கட்டிய ஃபிரேம் திரை வாங்குவது. எங்கள் வீட்டில் துணித் திரை சில வருடங்கள் இருந்தது. இப்போது இருப்பது பெயிண்ட் அடித்த சுவர். பலகைத் திரை மச்சான் வீட்டில் நானும் கூட நின்று செய்தது. ஃபிரேம் திரையை நண்பர் வீட்டில் சில படங்கள் பார்த்த அளவுக்குத்தான் பழக்கம். என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சொந்த வீடு, ஓதம் ஏறாத உள்சுவர், எட்டுப் பத்தடி தள்ளி வைக்கும் சாதாரண புரொஜெக்டர், இந்த மூன்றும் உங்களுக்கு இருந்தால் சுவரில் பெயிண்ட் அடியுங்கள்.

விலையைப் பற்றி நிறையப் பேச வேண்டியதில்லை. பட்டி, பிரைமர், ஒரு லிட்டர் எமல்ஷன், உப்புத்தாள், ரோலர் எல்லாம் சேர்த்து சுமார் 2,000 ரூபாயில் அடங்கிவிடும். ஆள் வைத்தால் கூலி தனி. கையால் இழுக்கும் துணித் திரைக்கு இதைப்போல் இரண்டு மூன்று மடங்கு கொடுக்க வேண்டும். மோட்டார் வைத்ததும், ஃபிரேம் திரையும் அதற்கு மேலே போகும்.

படத்தின் தரத்தையும் சுருக்கமாக முடித்துவிடலாம். வெள்ளை மேட் (பளபளப்பில்லாத) துணி, வெள்ளை மேட் பெயிண்ட் இரண்டின் கெயினும் (திரை எவ்வளவு வெளிச்சத்தைத் திருப்பித் தருகிறது என்பதைச் சொல்லும் எண்) 1-ஐ ஒட்டித்தான் இருக்கும். அதாவது, வந்து விழும் வெளிச்சத்தை எல்லாப் பக்கமும் ஏறக்குறைய சமமாகத் திருப்பி அனுப்பும். சுவரை ஒழுங்காகத் தயார் செய்திருந்தால், படம் ஓடும்போது இது துணி, இது சுவர் என்று பிரித்துச் சொல்வது கஷ்டம்.

அப்புறம் எதை வைத்து முடிவெடுப்பது? பராமரிப்பை வைத்துத்தான். வாங்கிய அன்று எல்லாத் திரையும் அழகாகத்தான் இருக்கும். மூன்றாவது வருடம் எப்படி இருக்கிறது என்பதுதான் கேள்வி.

விலை குறைந்த துணித் திரை மேலே உருளையில் சுருண்டு கிடக்கும். கீழே ஒரு கம்பியின் எடைதான் அதை நேராக இழுத்துப் பிடிக்கிறது. பக்கவாட்டில் இழுத்துப் பிடிக்க ஒன்றும் கிடையாது. நாளாக ஆக இரண்டு ஓரங்களும் உள்பக்கமாகச் சுருளும், நடுவில் வி வடிவத்தில் அலை விழும். கதை ஓடும்போது இது கண்ணில் படாமல் போகலாம். கிரிக்கெட் போட்டுப் பாருங்கள். கீழே ஓடும் ஸ்கோர் பட்டை நேர்கோடாக இருக்க வேண்டியது, இரண்டு இடத்தில் மேலே ஏறி இறங்கும். கேமரா பக்கவாட்டில் நகரும்போது மைதானத்தின் விளம்பரப் பலகைகள் எல்லாம் அந்த அலையில் ஏறி இறங்கிப் போகும். ஒருமுறை கவனித்துவிட்டால் பிறகு கண் அங்கேயேதான் போகும். இதைத் தவிர்க்க ஓரங்களில் கயிறு வைத்து இழுத்துக் கட்டிய டேப் டென்ஷன் (tab tension) திரைகள் இருக்கின்றன. ஆனால் அவற்றின் விலைக்குப் போனால் பட்ஜெட் என்ற பேச்சே இல்லை.

நம் ஊரில் இன்னொரு தொல்லையும் சேர்ந்துகொள்கிறது. சீலிங் ஃபேன். ஏ.சி. இல்லாத ஹாலில் மே மாதம் ஃபேன் போடாமல் இரண்டரை மணி நேரம் உட்கார முடியாது. ஃபேன் சுற்றினால் திரை ஆடும். மெதுவாகத்தான் ஆடும், ஆனால் சப்டைட்டில் படிக்கும்போது எழுத்து அசைவது தலைவலியைக் கொண்டுவரும். சுவர் ஆடாது. பெயிண்டுக்கு ஆதரவாக நான் சொல்லும் காரணங்களில் இதற்கு நிறைய எடை கொடுப்பேன்.

சுவருக்கும் அழுக்கு சேராமல் இல்லை. பல்லி எச்சம் விழும், கொசு அடித்த கறை விழும், பிள்ளைகள் கை வைப்பார்கள். மேட் பெயிண்டை அழுத்தித் தேய்த்துக் கழுவக் கூடாது. தேய்த்த இடம் மட்டும் பளபளப்பாகி, படம் ஓடும்போது தனியாகத் தெரியும். எச்சத்தைக் காயவிட்டு உதிர்த்துவிட்டு, ஈரத் துணியால் ஒற்றி எடுப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். கறை போகவில்லை என்றால் அந்த இடத்துக்கு மட்டும் பிரஷ்ஷால் தொட்டு வைக்கவும் கூடாது, அது திட்டாகத் தெரியும். திரை முழுவதற்கும் ரோலரால் இன்னொரு கோட் அடித்துவிடுவதுதான் வழி.

சுவர் ஜெயிப்பது இந்த இடத்தில்தான். மூலைக்கு மூலை 100 இன்ச் உள்ள திரை என்பது 87 இன்ச் அகலம், 49 இன்ச் உயரம், மொத்தமே சுமார் 30 சதுர அடி. ஒரு லிட்டர் வாங்கினால் முதலில் இரண்டு கோட் அடித்த பிறகும் மிச்சம் இருக்கும். அதைக் காற்றுப் புகாத சின்ன டப்பாவில் ஊற்றி, மேலே ஷேடு எண்ணை எழுதி வைத்துவிடுங்கள். தேவைப்படும்போது ஒரு மணி நேர வேலையில் புத்தம்புதிய திரை கிடைத்துவிடும். சுற்றிக் கருப்பு பார்டர் (அதைக் கடைசியில் சொல்கிறேன்) இருப்பதால் பழைய பெயிண்டும் புதுப் பெயிண்டும் சேரும் கோடு வெளியே தெரியாது. துணித் திரையில் ஒரு கீறலோ மடிப்போ விழுந்தால் விழுந்ததுதான். மறுவிற்பனை மதிப்பு துணிக்கு உண்டு, சுவருக்குக் கிடையாது என்று ஒருவர் சொல்லலாம். அலை விழுந்த பழைய துணித் திரையை விற்கப் போனால் கிடைப்பது என்ன என்று விசாரித்துவிட்டு அந்தக் கணக்கைப் போடுங்கள்.

ஆனால் இந்தச் சௌகரியம் எல்லாம் அடித்தளம் சரியாக இருந்தால்தான். பூச்சு வேலை எவ்வளவு நன்றாக இருந்தாலும் சுவரில் மணல் பருக்கை, கரண்டி ஓடிய கோடு, ஆணி அடித்து அடைத்த குழி இருக்கும். பகலில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. இரவில் விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்து, பக்கவாட்டில் வெளிச்சம் ஓடும்படி பாருங்கள். ஒவ்வொரு மேடும் தன் நிழலோடு எழுந்து நிற்கும். பென்சிலால் வட்டம் போட்டுக்கொண்டே போக வேண்டியதுதான். அகலமாகப் பரவிய லேசான ஏற்ற இறக்கம் பெரிய பிரச்சினை இல்லை, நேர் எதிரே இருந்து வரும் வெளிச்சத்தில் அது தெரியாது. சின்னச் சின்னப் பருக்கையும் சொரசொரப்பும்தான் முகங்களின் மேல் ஏதோ படிந்த மாதிரி காட்டும்.

பழைய டிஸ்டெம்பர் இருந்தால் சுரண்டி எடுத்துவிட்டு, இரண்டு கை பட்டி பார்க்க வேண்டும். முதல் கை நன்றாகக் காய்ந்த பிறகுதான் இரண்டாவது. அப்புறம் 180 நம்பர் உப்புத்தாள், அதன்பின் 320. தாளை விரலால் அழுத்தாமல் தட்டையான மரக்கட்டையில் சுற்றித் தேய்த்தால்தான் பள்ளம் விழாது. தூசியைத் துடைத்துவிட்டு பிரைமர் அடித்து, மறுபடியும் அந்த டார்ச். பட்டியில் மறைந்திருந்த ஊசித் துளைகள் பிரைமர் அடித்ததும் வெளியே வரும். அவற்றை அடைத்து, தேய்த்து, பிரைமர் தொட்ட பிறகுதான் பெயிண்ட் டப்பாவைத் திறக்க வேண்டும். பெயிண்ட் அடிக்கிற வேலை சின்னது. நேரத்தில் பெரும்பகுதியை இந்தத் தேய்ப்பு வேலை தின்றுவிடும், அதில் அவசரப்படக் கூடாது.

ரோலர் குட்டை முடி உள்ளதாக இருக்கட்டும். பெரிய முடி ரோலர் ஆரஞ்சுத் தோல் மாதிரி புள்ளி விட்டுவிடும். அடிக்கும்போது ஃபேனை நிறுத்திவிடுங்கள். பெயிண்ட் சீக்கிரம் காய்ந்தால் ஒரு பட்டைக்கும் அடுத்த பட்டைக்கும் நடுவில் கோடு நிற்கும். மேலிருந்து கீழ், ஈரம் காய்வதற்குள் அடுத்த பட்டை, நடுவில் டீ குடிக்கப் போகக் கூடாது.

பெயிண்டரை வைத்து அடித்தால் ஒரு விஷயத்தில் உறுதியாக நில்லுங்கள். எங்களுக்கு வந்த பெயிண்டர் வேலையில் கெட்டிக்காரர். ஆனால் பெயிண்ட் வாங்கும்போது, “மேட் வேணாம் சார், அழுக்கு ஏறும். ஷீன் இருக்கறதா போட்டுக்கலாம், துடைச்சா போயிடும்” என்றார். வீட்டுச் சுவருக்கு அவர் சொல்வது முழுக்கச் சரி. “அண்ணே, இந்த ஒரு சுவர்ல பளபளப்பே வரக் கூடாது, லைட் அடிச்சா கண்ணாடி மாதிரி திருப்பி அடிக்கும்” என்று சொல்லித்தான் மேட் வாங்கினோம். ஷீன் உள்ள பெயிண்டில் புரொஜெக்டரின் வெளிச்சம் நடுவில் திட்டாகக் கூடி நிற்கும், ஓரங்கள் மங்கும். உட்காரும் இடம் மாறினால் அந்தத் திட்டும் கூடவே நகரும். விலை அதிகமான எமல்ஷன்கள் பலவற்றில் இந்த ஷீன் இருக்கிறது. அதனால் விலையைப் பார்க்காமல் டப்பாவில் மேட் என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

நிறம் வெள்ளையா, சாம்பலா என்பது எல்லோரும் கேட்கும் கேள்வி. இருட்டாக்க முடிந்த அறை என்றால் வெள்ளை. ஐவரி, ஆஃப் ஒயிட் வேண்டாம், படம் மஞ்சளடிக்கும். ஜன்னல் வெளிச்சம் கொஞ்சம் வரும், மற்ற சுவர்களும் வெளிர் நிறம் என்றால் லேசான சாம்பல் நிறம் கருப்பைக் கொஞ்சம் காப்பாற்றும், ஆனால் வெளிச்சத்தைத் தின்னும். கணக்கு எளிது. புரொஜெக்டர் உண்மையிலேயே 600 லூமென்ஸ் (அது வெளியே விடும் மொத்த வெளிச்சத்தின் அளவு) கொடுத்தால், 30 சதுர அடி வெள்ளைத் திரையில் 20 ஃபுட் லாம்பர்ட் (திரையின் பிரகாசத்தை அளக்கும் அலகு) கிடைக்கும். கெயின் 0.7 உள்ள சாம்பலில் அது 14 ஆகிவிடும். டிஜிட்டல் தியேட்டர்களுக்கு வைத்திருக்கும் அளவு 14 என்பதால் அது போதும். ஆனால் விலை குறைந்த புரொஜெக்டர்களின் பெட்டியில் ஆயிரக்கணக்கில் போட்டிருக்கும் லூமென்ஸை நம்பி சாம்பலுக்குப் போகாதீர்கள், ஆன்சி (ANSI) தர முறைப்படி அளந்த லூமென்ஸ் எவ்வளவு என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள். சாம்பல்தான் என்று முடிவானால் நீலமோ பச்சையோ சாயாத ஷேடாக எடுக்க வேண்டும். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றின் எண்ணும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கும் ஷேடு அது.

வாடகை வீடு என்றால் சுவரை விட்டுவிட்டுப் பலகைக்கு வாருங்கள். வீட்டுக்காரரிடம் அனுமதி கேட்க வேண்டாம், காலி செய்யும்போது கூடவே எடுத்துப் போகலாம், பட்டி வேலையும் கிட்டத்தட்ட மிச்சம். ஒரு சங்கடம், எட்டுக்கு நாலு ஷீட்டின் உயரம் 48 இன்ச். 100 இன்ச் படத்துக்கு 49 வேண்டும். ஆகவே ஒரே ஷீட்டில் 98 இன்ச் வரைக்கும்தான் போக முடியும். அந்த இரண்டு இன்ச்சுக்காக இரண்டு ஷீட்டை ஒட்டுப் போட்டால் ஒட்டிய கோடு எப்போதாவது விரிசலாகத் தலைகாட்டும். 98 போதும் என்று இருந்துவிடுவது புத்திசாலித்தனம். 12 மி.மீ. எம்.டி.எஃப். ஷீட் 25 கிலோவுக்கு மேல் வரும், மாடிப் படியில் திரும்புமா என்று முன்னாலேயே அளந்துகொள்ளுங்கள். பின்பக்கத்துக்கும் பிரைமர் அடித்தே ஆக வேண்டும். ஒரு பக்கம் மட்டும் அடித்தால் மழைக்காலத்தில் மறுபக்கம் ஈரம் குடித்துப் பலகை வளையும். மச்சான் வீட்டில் இரண்டு பக்கமும் அடித்தோம், இரண்டு மழைக்காலம் தாண்டியும் நேராகத்தான் நிற்கிறது. கடலோர ஊர்களில் எப்படித் தாங்கும் என்பதற்கு இந்த ஒரு பலகையைச் சாட்சியாக வைக்க மாட்டேன்.

துணித் திரைக்கும் ஒரு நியாயமான இடம் உண்டு. திரை வர வேண்டிய இடத்தில் டிவியோ ஜன்னலோ இருந்தால் வேறு வழியில்லை. ஃபிரேம் திரை, நான் பார்த்த வரையில், நால்வரில் நேர்த்தியானது. சுவரை ஒட்டிக் கீழே வைத்து மேல் நோக்கி அடிக்கும் அல்ட்ரா ஷார்ட் த்ரோ புரொஜெக்டர் வைத்திருப்பவர்கள் அதற்கே போக வேண்டும். அந்த வெளிச்சம் டார்ச்சைப் போலச் சுவரோடு ஒட்டி ஓடுவதால், லேசான ஏற்ற இறக்கம்கூட வளைந்த கோடாகத் தெரியும். தியேட்டரைப் போலத் திரைக்குப் பின்னால் ஸ்பீக்கர் வைக்க நினைப்பவர்களுக்கும் துளையிட்ட துணி உள்ள ஃபிரேம்தான்.

சுவர்க்காரர்களுக்குக் கடைசி வேலை பார்டர். கருப்பு வெல்வெட் துணியை ஜவுளிக் கடையில் மீட்டர் கணக்கில் வாங்கி, மூன்று இன்ச் பட்டையாக வெட்டி மெல்லிய மரச் சட்டத்தில் சுற்றி ஆணியால் பொருத்தலாம். படம் ஓரத்தில் கொஞ்சம் வழிந்தாலும் வெல்வெட் விழுங்கிவிடும், கருப்பும் இன்னும் ஆழமாகத் தெரியும். சட்டத்துக்குப் பதில் டேப் ஒட்டுவதாக இருந்தால், பெயிண்ட் அடித்து ஓரிரு வாரம் பொறுங்கள். முழுதாக இறுகாத பெயிண்டில் ஒட்டினால், பிறகு பிரிக்கும்போது பட்டியோடு சேர்ந்து பெயர்ந்து வரும்.