எஸ்டி-வேன் விற்க வருகிறவர்களிடம் உஷார்

எஸ்டி-வேன் என்பது கிளைக்கொரு பெட்டி வைத்து, சாதாரண இணைய லைன்கள் வழியாகவே கிளைகளை இணைத்து, எந்த லைனில் போவது என்பதை மென்பொருளே முடிவு செய்யும் முறை. சிங்கப்பூரில் இரண்டு மூன்று கிளை வைத்துத் தொழில் செய்பவர்கள் இதைப் படித்துவிட்டு அதற்கான ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுங்கள். எங்களுடையது மொத்த மளிகை வியாபாரம். தேக்கா பக்கம் கடை, துவாஸில் கிடங்கு, சென்னையில் கொள்முதல் அலுவலகம். மூன்றையும் எம்பிஎல்எஸ் என்ற, தொலைத்தொடர்பு நிறுவனத்திடம் வாடகைக்கு எடுக்கும் தனி லைன் இணைத்திருந்தது. வாடகை அதிகம்தான், ஆனால் தொல்லையில்லாமல் ஓடியது.

எஸ்டி-வேன் போட்டுத் தருவதாக ஒரு நிறுவனத்திலிருந்து ஆள் வந்தார். தமிழ்ப் பையன்தான். "அண்ணே, கூகுளே இதுக்கு மாறிட்டான். ரெண்டு கம்பெனி இன்டர்நெட் போட்டுக்கலாம். ஒண்ணு போனா பெட்டி தானா அடுத்ததுக்கு மாத்திடும்" என்றார். கூகுள் மாறியது உண்மை; பி4 என்ற அந்த நெட்வொர்க்கைப் பற்றி 2013இல் கட்டுரையே வெளியிட்டது. ஆனால் அது தன் டேட்டா சென்டர்களுக்கிடையே கூகுள் ஓட்டுவது. எந்தத் தரவு முதலில் போகும், எது காத்திருக்கும் என்பதெல்லாம் அவர்கள் கையில். பருப்பு மண்டிக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

இருந்தும் அவர் பேச்சை நம்பிப் போட்டுக்கொண்டோம். ஒரு சனிக்கிழமை மாலை, நல்ல கூட்டத்தில், இரண்டு லைனும் சேர்ந்தே படுத்துவிட்டன. பில் போட வழியில்லை. பழுது பார்க்க வந்த டெக்னீஷியன் சுவரில் ஃபைபர் கேபிள் வந்து முடியும் சின்ன வெள்ளைப் பெட்டியைக் காட்டினார். இரண்டு துளை, இரண்டு கம்பெனி வயரும் அதிலேயே செருகியிருந்தன. பில் இரண்டு, கட்டடத்துக்குள் வரும் கேபிள் ஒன்று! இங்கே பல கம்பெனிகள் விற்கும் ஃபைபர் இணையம் பெரும்பாலும் நெட்லிங்க் டிரஸ்ட் என்ற ஒரே நிறுவனத்தின் கேபிளில்தான் வருகிறது. எஸ்டி-வேன் இருக்கிற பாதைகளில் நல்லதைப் பிடிக்கும், இல்லாத பாதையைப் போடாது. இரண்டாவதை 5ஜி சிம்மில் கொடுத்திருந்தாலே தப்பித்திருப்போம். ஒப்பந்தத்தில் "இரு வேறு பாதை" என்று எழுதித்தான் காசு வாங்கினார்கள்.

சென்னைக்குப் பேசினால் குரல் விட்டுவிட்டு வந்தது தனிக்கதை.

சரி, வேறு ஆளை வைத்துச் சரிசெய்யலாம் என்றால் எல்லாப் பெட்டிகளையும் இயக்கும் கண்ட்ரோலர் மென்பொருளின் அட்மின் கணக்கு விற்ற நிறுவனத்தின் பெயரில். கேட்டால் "பாலிசி" என்கிறார்கள். பெட்டி நம் காசு, சாவி அவர்களிடம். மாதச் சந்தாவை நிறுத்தினால் அந்தப் பெட்டி வெறும் தகரம். அட்மின் கணக்கு உங்கள் பெயரில் இருக்குமா, ஒவ்வொரு லைனும் எந்த வழியாகக் கட்டடத்துக்குள் நுழைகிறது என்பதை முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

இப்போது மீதி ஒப்பந்தக் காலத்துக்கும் பணம் கட்டச் சொல்கிறார்கள். சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்தில் 20,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை கோரலாம். கொடுத்த பணம் அதற்குள் அடங்குவதால் மனு போட்டுவிட்டோம்.