அக்கா மகளுக்கு வெள்ளிச் சங்கிலி: 999 கம்பியா, 925 கம்பியா?

அக்கா மகள் காட்பாடியிலிருந்து வேலூருக்கு பஸ்ஸில் கல்லூரி போகிறாள். அவளுக்கு என் கையாலேயே சங்கிலி செய்ய உட்கார்ந்ததும் வந்த முதல் கேள்வி, எந்தக் கம்பி என்பதுதான்.

999 என்றால் சுத்த வெள்ளி. சொன்னபடி வளையும். வளையத்தின் இரு முனைகளையும் இடைவெளியில்லாமல் சேர்த்துச் சூடு காட்டினால் பற்றாசு (உருக்கி ஒட்டும் உலோகக் கலவை) இல்லாமலேயே ஒட்டிக்கொள்ளும். உருகுநிலை சுமார் 962 டிகிரி செல்சியஸ். கண் இமைத்தால் வளையம் உருண்டையாகிவிடும், கவனம். சீக்கிரம் கறுக்காது. வேலூர் வெயிலுக்கும் வியர்வைக்கும் இது பெரிய விஷயம். ஆனால் மெல்லிய வளையம் இழுபட்டால் வாய் திறந்துவிடும்.

925-இல் 92.5 சதவீதம் வெள்ளி, மீதி 7.5 சதவீதம் பெரும்பாலும் செம்பு. அதனால்தான் உறுதி. ஒட்டுவதற்குப் பற்றாசும், அது நன்றாக ஓட வெண்காரமும் வேண்டும், கறுப்பும் ஏறும். துடைத்தால் போய்விடும், சரி.

பஸ் நெரிசலில் தினமும் போகிற பெண். சங்கிலிக்கு 925, பதக்கத்துக்கு மட்டும் 999 எடுத்தேன்.