தண்ணியும் நிக்குமாம்மா?

கும்பகோணத்துக்குப் போனது அத்தை மகன் கல்யாணத்துக்கு. ஐந்து வார விடுப்பில் பாதி ஆஸ்பத்திரியிலேயே போனது.

பந்தியில்தான் கவனித்தேன். அம்மா ஒவ்வொரு வாய்க்கும் ஒரு மடக்கு தண்ணீர் குடித்தாள். நடுவில் எழுந்து தோளைப் பின்னுக்கு இழுத்து நின்றாள். "சோறு நெஞ்சுலயே நிக்குதுடா. இப்படி நின்னா இறங்கும்." இரண்டு வருஷமாக இப்படியாம். போனில் மூச்சு விட்டதில்லை. 11 கிலோ குறைந்திருந்தாள். சர்க்கரை என்று சொந்தக்காரர்கள் முடிவு கட்டியிருந்தார்கள்.

உள்ளூர் டாக்டர் கேஸ் மாத்திரையாகவே எழுதிவந்திருக்கிறார். எண்டோஸ்கோப்பியும் 'நார்மல்'. அவரை ரொம்பத் திட்டவும் மனம் வரவில்லை. அம்மாவுக்கு இருந்த நோய் வருஷத்துக்கு லட்சம் பேரில் ஓரிருவருக்குத்தான் புதிதாக வரும். ஆரம்பத்தில் எண்டோஸ்கோப்பியில் பிடிபடாமல் போவதும் உண்டு. ஆனாலும் அம்மா என்ன சாப்பிடுகிறாள், எப்படி இறங்குகிறது என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

தஞ்சாவூர் டாக்டர் கேட்டார். "தண்ணியும் நிக்குமாம்மா?" நிற்கும், முதலிலிருந்தே. குழாயில் கட்டி வளர்ந்திருந்தால் பெரும்பாலும் முதலில் சோறு சிக்கும், அப்புறம்தான் தண்ணீர். "ராத்திரி எதுக்களிச்சு வர்றது புளிக்குமா?" அம்மா யோசித்தாள். காலையில் தலையணையில் கிடக்கும் இட்லி இட்லியாகவே இருக்குமாம், துளி புளிப்பு இருக்காதாம். வயிற்றுக்குப் போயிருந்தால்தானே புளிக்க!

பெயர் அக்கலேசியா. உணவுக்குழாய்ச் சுவரில் உள்ள நரம்பணுக்கள் அழிவதால் குழாய் உணவைத் தள்ளாது. வயிற்று வாசலில் இருக்கும் தசை வளையமும் விழுங்கும்போது தளராது.

ஸ்கேன் சென்டரில் சுண்ணாம்புக் கரைசல் போன்ற பேரியத்தைக் குடிக்கவைத்து 1, 2, 5 நிமிஷத்தில் எக்ஸ்ரே எடுத்தார்கள். மேலே வீங்கிய குழாய் கீழே பறவை அலகு மாதிரி கூம்பியிருந்தது. அரை மணியில் ஃபிலிம் கையில். டொராண்டோவில் முழங்கால் எம்ஆர்ஐக்கு நான்கு மாதம் காத்திருந்தவன் நான்!

மேனோமெட்ரிக்குச் சென்னை போகச் சொன்னார்கள். மூக்கு வழியாகக் குழாய்விட்டு, 5 மில்லி தண்ணீரைப் பத்து முறை விழுங்கவைத்து அழுத்தம் பார்ப்பது. "நடுவுல எச்சில்கூட முழுங்காதீங்கம்மா" என்றால் அம்மாவுக்கு அப்போதுதான் எச்சில் ஊறும். பணம் கட்டும் கவுண்டரில் 'பேக்கேஜ்' என்று மூன்று பேர் மூன்று தொகை சொன்னார்கள். அங்கேதான் எனக்கு ரத்தம் கொதித்தது.

பலூனால் அந்த வளையத்தை விரிப்பது, வயிற்றில் சிறு துளை போட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பி அறுவை, போயம் என்று மூன்று வழி சொன்னார்கள். எதிலும் போன நரம்பு திரும்பாது. வாசலைத் திறந்துவிடுவதோடு சரி. போயம், ஜப்பானில் இனோவே என்ற மருத்துவர் 2008இல் முதலில் செய்தது. வாய் வழியே எண்டோஸ்கோப்பை விட்டு, உள்சவ்வுக்கு அடியில் சுரங்கம் போட்டுத் தசையை வெட்டுவார்கள். வெளியே தழும்பு இருக்காது என்றதும் அம்மா அதையே பிடித்துக்கொண்டாள்.

நான் கிளம்பும் முன் குழைந்த ரசம் சாதம் தண்ணீர் இல்லாமலே இறங்கியது. போன வாரம் போனில் அம்மா, "இப்பல்லாம் ராத்திரி புளிச்சு வருதுடா." போயத்துக்கு அப்புறம் அமிலம் மேலேறுவது சகஜம் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். எழுதிக்கொடுத்தது என்ன தெரியுமா? அதே கேஸ் மாத்திரை.