போல்ட் மாட் பண்ணதுன்னு சொல்லி விக்கிற மாடல் எம் கீபோர்டு: வாங்கறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க

பழைய மெக்கானிக்கல் கீபோர்டு ஆன்லைன்ல தேடி வாங்கறவங்க தயவுசெஞ்சு இதை முழுசா படிங்க. என்கிட்ட வித்த ஆள் அதே போட்டோவ வச்சு இன்னொரு பீஸ் விற்பனைக்கு போட்டிருக்கார், பார்த்ததும் மனசு கேக்கல.

நான் வாங்கினது ஐபிஎம் மாடல் எம். பார்ட் நம்பர் 1391401, 1987ல செஞ்சது, போல்ட் மாட் பண்ணியாச்சு (அதாவது உடையற பிளாஸ்டிக் ரிவெட்டுக்குப் பதிலா போல்ட் போட்டாச்சு), எல்லா கீயும் செக் பண்ணியாச்சுன்னு போட்டிருந்தார். நான் காசு குடுத்ததே அந்த போல்ட் மாட்டுக்காகத்தான். புதுசா வர்றவங்களுக்கு சொல்றேன், இதுல ஸ்பிரிங் உக்கார்ற பிளாஸ்டிக் தட்டையும் பின்னாடி இருக்கற இரும்புத் தட்டையும் சேர்த்துப் பிடிச்சிருக்கறது குட்டி குட்டி பிளாஸ்டிக் ரிவெட்தான், நடுவுல மெம்பிரேன், அதாவது கீ அமுக்கறத உணர்ற மெல்லிசான பிளாஸ்டிக் ஷீட். வருஷம் ஆக ஆக ரிவெட்டோட தலை தானா உடைஞ்சு விழும், பிடிப்பு விட்ட பக்கம் கீ எல்லாம் தொளதொளன்னு ஆயிடும், அந்த கணீர்னு வர்ற சத்தமும் போயிடும். மிச்ச ரிவெட்டையும் சீவி எடுத்துட்டு, 1.5 மில்லிமீட்டர் பிட்டால ஒவ்வொண்ணா ஓட்டை போட்டு, எம்2 போல்ட்டும் நட்டும் போட்டு முறுக்கணும். ஒரு நாள் பூரா ஒக்காந்து செய்யற வேலை, அதை ஒருத்தர் நல்லா செஞ்சு தந்தா கூடுதலாவே காசு குடுக்கலாம்னு இப்பவும் நான் நெனைக்கறேன்.

பார்சல பிரிச்சு லேசா சாய்ச்சேன், உள்ள கலகலன்னு என்னமோ உருளுது. திருப்பிப் பார்த்தா கேபிள் கழட்ட முடியாம உள்ளயே ஃபிக்ஸ் ஆகியிருக்கு. 87ல வந்த 1391401ல எஸ்டிஎல் சாக்கெட் இருக்கும், கேபிள் தனியா கழண்டு வரும், ஃபிக்ஸட் கேபிள் எல்லாம் தொண்ணூறுகள்ல வந்த மாடல். பார்ட் நம்பர் போட்ட லேபிள் ஓரத்த நகத்தால தூக்கினா புது பசை பிசுபிசுங்குது. அப்பதான் புரிஞ்சுது, வேற ஒண்ணுலேர்ந்து உரிச்சு இதுல ஒட்டியிருக்கார். போட்டோல லேபிள் மட்டும் பெருசா இருந்துச்சு, கேபிள் வர்ற இடம் ஒண்ணுலயும் இல்ல, நானும் கேக்காம விட்டுட்டேன்.

கனெக்ட் பண்ணா இடது பக்கம் பாதி கீ வேலையே செய்யல. 5.5 மில்லிமீட்டர் நட் டிரைவரால நாலு ஸ்க்ரூவும் கழட்டி தொறந்தேன். இரும்புத் தட்டுல ஒரு போல்ட் கூட இல்லீங்க, ஒண்ணே ஒண்ணு கூட இல்ல. உடைஞ்ச ரிவெட் இருந்த ஓட்டையில எல்லாம் சூப்பர் க்ளூ ஊத்தி காய வச்சிருக்கார், ரிவெட் தலைங்க கேஸ் அடியில கடுகு சிந்தின மாதிரி கெடக்கு. க்ளூ ஓட்டை வழியா எறங்கி மெம்பிரேன் ஷீட்ட ஒண்ணோட ஒண்ணு ஒட்ட வச்சிருச்சு, அதுக்கு மேல இருக்கற ஹேமரும் (ஸ்பிரிங்குக்கு அடியில இருக்கற குட்டி பிளாஸ்டிக் துண்டு) அசைய மாட்டேங்குது, கீய அமுக்கினா ஸ்பிரிங் வளையுது ஆனா ஹேமர் திரும்பி மெம்பிரேன தட்டவே இல்ல. சும்மா ரிவெட் உடைஞ்ச கண்டிஷன்ல அப்படியே குடுத்திருந்தா கூட நானே சரி பண்ணியிருப்பேன், இப்படி நாசம் பண்ணிட்டாரேன்னுதான் வயிறு எரியுது.

மெசேஜ் பண்ணேன். அனுப்பும்போது நல்லாத்தான் இருந்துச்சு, வழியில அடிபட்டிருக்கும்னார். க்ளூ போட்டோ அனுப்பினதும், நீங்க தொறந்துட்டீங்க, இனிமே திருப்பி எடுக்க முடியாதுன்னு சொல்லிட்டு பிளாக் பண்ணிட்டார். அதனால பார்சல பிரிக்கறதுலேர்ந்து வீடியோ எடுத்து வச்சுக்கோங்க, நான் எடுக்கல. போல்ட் மாட்னு யார் சொன்னாலும் கேஸ தொறந்து அந்த இரும்புத் தட்டோட பின்பக்கம் முழுசா தெரியற மாதிரி போட்டோ கேளுங்க, வரிசையா நட்டோ போல்ட் தலையோ தெரியணும். நெசமாவே செஞ்சவங்க பெருமையா காட்டுவாங்க, அவங்க எப்படியும் அத போட்டோ எடுத்துதான் வச்சிருப்பாங்க. ஆட்டினா சத்தம் வருதான்னு ஒரு சின்ன வீடியோவும் கேளுங்க.

என்னோடத நாலு நாளா கொஞ்சம் கொஞ்சமா பிரிச்சிட்டு இருக்கேன். ஒட்டிப்போன ஹேமர்ல பதினொண்ணு உடையாம வந்திருச்சு, மூணு இன்னும் வரல, மெம்பிரேன் தேறாது.